காலும் கண்ணும்

கோவில்பத்துத் திடலில் ஒரு காணும் பொங்கலன்று, பொழுது சாய்ந்து தென்னைகளின் நிழல் ஆட்டக்களத்தின் நடுக்கோட்டைத் தாண்டிக் கிழக்கே நீண்டு கிடந்த வேளையில், இன்னும் இரண்டு நிமிஷமே பாக்கி என்று நடுவர் விரலை உயர்த்திக் காட்டியபோது, எங்கள் கபடி அணி ஒரு புள்ளி பின்தங்கி நின்றது. அடுத்துப் பாடுவதற்கு யாரை அனுப்புவது என்ற கேள்வி, அணியைப் பழக்கிய பெரியவரின் முன்னால் வந்து நின்றது. புள்ளிக் கணக்கு எழுதும் நோட்டுடன் நான் அவருக்குப் பக்கத்தில் ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தேன்.

தகுதியானவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் முப்பத்துமூன்று வயதைக் கடந்தவர், எங்களுக்கெல்லாம் ‘அண்ணன்’. பதினைந்து வருஷமாகக் காரைக்கால் வட்டாரத்தில் எந்தக் களத்தில் கபடி என்றாலும் அவர் பெயரைச் சொன்னால் கூட்டம் சேரும். இடது முழங்காலில் கிரேப் பேண்டேஜை இறுகச் சுற்றி அதன் முனையை உள்ளே செருகிவிட்டு, எதிரணியாரின் முகங்களைப் பாராமல் அவர்களுடைய பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். மற்றவன் பதினெட்டு நிரம்பாத பையன். அந்த வருஷந்தான் பெரியவர்களோடு ஆட வந்தவன். ஓரிடத்தில் நிற்க மாட்டாமல் மணலில் குதிகாலை ஊன்றி ஊன்றி எடுத்தபடி, “மாமா, நான் போறேன் மாமா, என்னை விடுங்க” என்று மூன்று தடவை கேட்டுவிட்டான். முன்னவர் ஒன்றும் கேட்கவில்லை. பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்த அந்தச் சில விநாடிகளில் அவர் மனத்தில் ஓடியது என்னவாக இருக்கும் என்று பிற்பாடு நான் பல நாள் யோசித்ததுண்டு. அந்த யோசனையே இந்த அத்தியாயத்துக்கு மூலகாரணம். ஒரு சிற்றூர்த் திடலில் நின்ற அந்த மனிதரை எதிர்கொண்ட பிரச்சினை, உடலியலும் புள்ளியியலும் நிகழ்தகவுக் கணிதமும் ஒன்றுகூடி விடை தேட வேண்டிய பிரச்சினை என்பதை அன்று நான் அறியவில்லை.

இந்தப் பிரச்சினையை உலகத்தில் மிகக் கூர்மையாக உணர்ந்தவர்கள் அமெரிக்கக் கால்பந்து அணிகளை நடத்துகிறவர்கள். பெயர் கால்பந்தாயினும் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற அந்த ஆட்டத்தில் ‘ரன்னிங் பேக்’ என்று ஒரு ஸ்தானம் உண்டு; பந்தை விலாவில் இடுக்கிக்கொண்டு, எதிரே மதில்போல் நிற்கும் பெருஞ்சரீரிகளுக்கு நடுவே கண்ணிமைக்கும் நேரம் திறந்து மூடுகிற இடுக்கில் புகுந்து ஓடுவதும், ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் நூறு கிலோ எடையுள்ள மனிதர்கள் மேலே விழுந்து தரையில் சாய்ப்பதைத் தாங்குவதும் அந்த ஸ்தானத்துக்குரியவரின் தொழில். சியாட்டில் சீஹாக்ஸ் அணியின் ஷான் அலெக்சாண்டர் 2005-ஆம் ஆண்டில், தம் இருபத்தெட்டாம் வயதில், 370 தடவை பந்தை ஏந்தி 1,880 கஜம் ஓடி அந்த வருஷத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றார். அந்தப் புகழ் ஆறுவதற்குள் அணி அவரோடு எட்டு வருஷ ஒப்பந்தம் செய்துகொண்டது. மறு வருஷம் பாத எலும்பு முறிந்து 896 கஜம், அதற்கும் மறு வருஷம் 716 கஜம், 2008-இல் அணியிலிருந்து விடுவிப்பு. இதற்கு நேர்மாறாக டெரிக் ஹென்றி என்பவர், தொழிலில் எல்லாரும் அஸ்தமனம் என்று கருதும் முப்பதாம் வயதில், 2024-இல் பால்டிமோர் அணிக்குப் புதிதாக வந்து 1,921 கஜம் ஓடிக் காட்டினார். முதல் கதையைக் கேட்டவன் பழையவரை விலக்கச் சொல்வான். இரண்டாவதைக் கேட்டவன் பழையவரைத்தான் நம்பச் சொல்வான். கதைகளைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல முற்பட்டால் நாம் கடைசியாகக் கேட்ட கதையே தீர்ப்பாகிவிடும்.

நம் மண்ணில் ரன்னிங் பேக்குக்கு நேர் நிகரானவர், கபடியில் பாடப் போகிறவர். தொலைக்காட்சி வந்தபின் ரெய்டர் என்று ஊர்ப் பிள்ளைகளும் சொல்லப் பழகிவிட்டார்கள். 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள களத்தில், எதிரியின் பாதியில், முப்பது விநாடிக்குள், ஒரே மூச்சில், ஏழு பேருக்கு நடுவில் தனியாளாகப் புகுந்து தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டியவர் அவர்; பிடிபட்டால் மூன்று நான்கு பேருடைய பாரம் அவருடைய ஒரு முழங்காலின்மேல் இறங்கும். இந்தத் தொழிலில் வயது என்ன செய்கிறது என்பதை அறிய விரும்புகிறவர், ஹரியானாவிலிருந்து வந்து புரோ கபடி லீக்கின் வரலாற்றிலேயே மிக அதிகப் பாட்டுப் புள்ளிகளைக் குவித்த பர்தீப் நர்வாலின் கணக்கைப் பார்க்க வேண்டும். 2017-இல், இருபது வயதில், பாட்னா பைரேட்ஸ் அணிக்காக ஒரே சீசனில் 369 புள்ளி. அதே சீசனில் ஹரியானாவுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் மட்டும் 34. கைகோத்துச் சங்கிலியாக வருகிறவர்களின் கைகளுக்கு அடியில், இடுப்பை மடித்துத் தலையைத் தாழ்த்தி, தரையை உரசுவதுபோல் நுழைந்து மறுபுறம் எழுகிற ‘டுப்கி’ என்ற முழுக்கு வித்தையைப் பிடிப்பவர்கள் கண்முன்னால் கண்டும் தடுக்க முடியாமல் நின்ற காலம் அது. 2019-இல் 302. 2021-ஆம் ஆண்டு ஏலத்தில் 1.65 கோடி ரூபாய்க்கு வேறோர் அணிக்குப் போனார். அந்த சீசனில் 188, அடுத்ததில் 220, அதற்கடுத்த 2023–24-இல் 122. ஒவ்வொரு சீசனிலும் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை ஒன்றல்ல. ஆயினும் போக்கு பிரத்தியட்சம். 2024-இல் அவருடைய விலை 70 லட்சம். 2025-இல் மும்பையில் நடந்த ஏலத்தில் அவர் பெயரை அழைத்தபோது எந்த அணியும் கை தூக்கவில்லை. அவர் ஓய்வை அறிவித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. அதே ஏலத்தில், முந்தைய சீசனுக்கு முன்பு பலரும் பெயர்கூடக் கேட்டிராத தேவாங்க் தலால் இரண்டு கோடிக்கு மேல் விலைபோனார். இருபத்தெட்டு வயதில் ஒருவன் கிழவனாகிவிடுகிற தொழில் எத்தனை கொடியது என்று எண்ணி நான் வருந்தியதுண்டு. வருத்தம் ஒரு பக்கம் இருக்க, அந்த உடம்பில் நிகழ்ந்தது என்ன என்று கேட்பது சாஸ்திரத்தின் கடமை.

நம்முடைய தசைகள் ஒரே ஜாதி இழைகளால் ஆனவை அல்ல. மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் களைக்காமல் உழைக்கும் இழைகள் ஒரு வகை. நாற்று நடுகிற பெண்ணின் முதுகையும் மாரத்தான் ஓடுகிறவரின் தொடையையும் தாங்குபவை அவை. மின்னல்போல் சுருங்கிச் சீக்கிரமே ஓய்ந்துவிடும் இழைகள் இன்னொரு வகை. பாடுகிறவர் கோட்டை நோக்கிப் பின்புறமாகத் தாவும் அரை விநாடி முழுவதும் இவற்றின் கையில் இருக்கிறது. வயது ஏறும்போது முதலில் மெலிபவை இந்த வேக இழைகளே. முதுகுத்தண்டிலிருந்து இவற்றுக்குக் கட்டளை கொண்டுவரும் நரம்புச் செல்களில் சில காலப்போக்கில் மடிந்துபோக, அநாதையாகிவிட்ட இழைகளில் ஒரு பகுதியைப் பக்கத்திலுள்ள மெதுநரம்புகள் தத்தெடுத்துக்கொள்கின்றன. இழை பிழைத்துக்கொள்கிறது, வேகம் போய்விடுகிறது. நம்மைப் போன்ற சாதாரண மனிதருக்கு ஐம்பதைத் தாண்டும்வரை இது தெரிய வருவதில்லை. ஆனால் தனக்குச் சமமான வேகமுள்ளவர்களோடு மட்டுமே மோதுகிறவனுக்கு நூற்றில் இரண்டு பங்கு குறைந்தாலும் போதும். முன்பு விரல் நுனியால் தப்பிய கணுக்கால் இப்போது விரல் நுனியில் சிக்கும்.

தசையைவிடக் கவனிக்க வேண்டியவை, தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களும் மூட்டில் மெத்தையாகக் கிடக்கும் குருத்தெலும்பும். குருத்தெலும்பில் ரத்தக் குழாய்கள் கிடையா; ஆகவே தேய்ந்த இடம் எளிதில் ஆறுவதில்லை. குதிநாணைப் பற்றி டென்மார்க்கில் நடந்த ஓர் ஆராய்ச்சி எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது. 1950-களின் நடுவிலிருந்து 1963 வரை வல்லரசுகள் வெட்டவெளியில் வெடித்த அணுகுண்டுகள், காற்றில் கதிரியக்கக் கார்பனை மிகுதியாகக் கலந்துவிட்டன. அது பயிர்களின் வழியாக அக்காலத்தில் வளர்ந்த எல்லா மனிதரின் உடம்பிலும் புகுந்தது. ஒரு திசுவிலுள்ள அந்தக் கார்பனின் அளவைக் கொண்டு அத்திசு எந்தக் காலத்தில் உண்டானது என்று கணிக்கலாம் என்ற யுக்தியைப் பயன்படுத்தி, 2013-இல் அந்த ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட முடிவு இது: குதிநாணின் நடுப்பகுதி சுமார் பதினேழு வயதோடு உருவாகி முடிந்துவிடுகிறது, பிறகு அது புதுப்பிக்கப்படுவதில்லை. பதினெட்டு வயதில் களத்தில் இறங்குகிற பையன், தன் ஆயுள் முழுவதற்கும் போதுமான ஒரே கயிற்றைக் காலில் கட்டிக்கொண்டுதான் இறங்குகிறான். ஆகவே பாடுகிறவரின் வயதைப் பிறந்த தேதியிலிருந்து மட்டும் எண்ணுவது பிசகு. எத்தனை ஆயிரம் தடவை அந்தக் கயிறு இழுபட்டது என்றும் எண்ண வேண்டும். பதினேழு வயதிலிருந்து ஒவ்வொரு வாரமும் ஆடி வந்த இருபத்தெட்டு வயதுக்காரரும், இருபத்துநான்கில் தொடங்கிய இருபத்தெட்டு வயதுக்காரரும் கணக்கில் ஒரே வயதினர், காலில் அல்ல.

இவ்வளவையும் படித்தபின், பழையவரை உட்காரவைத்துவிட வேண்டியதுதானே என்று வாசகர் முடிவு கட்டுவதற்குமுன் தர்மராஜ் சேரலாதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்த நம் டெல்டாக்காரர், 1975-இல் பிறந்தவர். வலது மூலையில் நின்று பிடிப்பது அவர் தொழில். 2016-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி ஹைதராபாத்தில் நடந்த புரோ கபடி இறுதி ஆட்டத்தில் ஜெய்ப்பூரை 37–29 என்று வென்று கோப்பையைத் தூக்கிய பாட்னா அணிக்குத் தலைவர் அவரே, வயது நாற்பத்தொன்று. அதே அணியில் பாடிய பத்தொன்பது வயதுப் பையன் பர்தீப் நர்வால். அந்தப் பையன் புகழின் உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கியிருந்த 2019-ஆம் ஆண்டிலும், சேரலாதன் நாற்பத்துநான்கு வயதில் ஹரியானா அணியின் மூலையில் நின்றுகொண்டிருந்தார். சக ஆட்டக்காரர்கள் அவரை ‘அண்ணா’ என்றே அழைத்தார்கள், தமிழ் தெரியாதவர்களும்.

மூலையில் நிற்பவனுக்கு வேகம் வேண்டாமா? வேண்டும், ஆனால் அவனுடைய வேகம் காலில் தொடங்குவதில்லை, கண்ணில் தொடங்குகிறது. இதை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த புரூஸ் அபர்நெத்தி 1980-களில் இறகுப்பந்து ஆட்டக்காரர்களைக் கொண்டு பரீட்சித்துக் காட்டினார். எதிராளி பந்தை அடிக்க மட்டையை வீசுகிற காட்சியைப் படமாக எடுத்து, மட்டை பந்தைத் தொடுவதற்குமுன் வெவ்வேறு கணங்களில் படத்தை நிறுத்திவிட்டு, பந்து எங்கே விழும் என்று சொல்லச் சொன்னார். புதியவர்கள் மட்டையின் போக்கைக் கொண்டு மட்டுமே ஊகித்தார்கள். கைதேர்ந்தவர்களோ, மட்டை திரும்புவதற்கு முன்பே அதை ஏந்திய கையின் அசைவிலிருந்து செய்தியைப் பறித்துக்கொண்டார்கள். அதாவது தேர்ந்தவனுக்கு ஆட்டம் சற்று முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. மனிதன் ஒரு சைகையைக் கண்டு அசைவதற்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு விநாடி பிடிக்கிறது. வயது அதில் கூட்டுவது மிகச் சொற்பம். அனுபவம் முன்கூட்டிச் சம்பாதித்துக் கொடுக்கும் அவகாசம் அந்த நஷ்டத்தை ஈடுகட்டி மிச்சமும் வைக்கும். உசேன் போல்ட் நூறு மீட்டரை 9.58 விநாடியில் ஓடியது இருபத்துமூன்று நிரம்பாத வயதில்; எலியுட் கிப்சோகே பெர்லின் மாரத்தானை 2 மணி 1 நிமிஷம் 9 விநாடியில் முடித்தது முப்பத்தேழில். கால் முந்த வேண்டிய காரியம், நெஞ்சு தாங்க வேண்டிய காரியம், கண் முந்த வேண்டிய காரியம் என்று மூன்றும் தனித்தனி. அவற்றுக்கு வயதும் தனித்தனி. வயதானவர் வேண்டுமா, புதியவர் வேண்டுமா என்று பொதுப்படையாகக் கேட்பதே தவறு என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

சேரலாதனைச் சுட்டிக்காட்டி, பிடிக்கிறவர்களுக்கு மூப்பே இல்லை என்று சாதிப்பதும் அதே அளவு பிசகுதான். நாற்பது வயதில் களத்தில் நிற்கிறவர்களை மட்டும் எடுத்துச் சராசரி பார்த்தால், நாற்பது வயதுக்காரர்கள் முப்பது வயதுக்காரர்களுக்குச் சளைத்தவர்கள் அல்ல என்று கணக்கு வரலாம். காரணம், சளைத்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. முப்பதிலும் முப்பத்துமூன்றிலும் முழங்கால் போய் வீட்டுக்குத் திரும்பியவர்களின் பெயர் நாற்பதாம் வயதின் பட்டியலில் ஏறுவதில்லை. கரைக்குத் திரும்பிய படகுகளை மட்டும் எண்ணிவிட்டுக் கடல் சாந்தமாக இருந்தது என்று சொல்வதற்கு ஒப்பானது இது. ஆகவே மூப்பின் விளைவை அளக்க விரும்புகிறவர், வெவ்வேறு வயதினரை ஒப்பிடாமல், ஒரே மனிதரை இந்த வருஷமும் அடுத்த வருஷமும் ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிடும்போதும், ஓர் அற்புதமான வருஷத்துக்குப் பின் வரும் இறக்கத்தில் ஒரு பகுதி மூப்பினால் அன்று, அதிருஷ்டம் தன் பழைய இடத்துக்குத் திரும்புவதால் நேர்வது என்பதை மறக்கக் கூடாது.

இந்த அதிருஷ்ட விஷயந்தான் புதியவனை மதிப்பிடும்போது நம்மைப் பெரிதும் ஏமாற்றுவது. கணக்குக்காக ஒன்று வைத்துக்கொள்வோம். பையன் இருபது தடவை பாடப் போய்ப் பத்தில் புள்ளியோடு திரும்பினான்; அண்ணன் நானூறு தடவை போய் இருநூறில் திரும்பினார். இருவருக்கும் பாதிக்குப் பாதி. ஆனால் புள்ளியியலின் சாதாரணச் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால், அண்ணனுடைய உண்மையான திறமை நூற்றுக்கு 45-க்கும் 55-க்கும் நடுவில் இருக்கிறது என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லலாம். பையனுடையதோ 28-க்கும் 72-க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அவன் மகாவீரனாகவும் இருக்கலாம், அடுத்த வருஷம் எவரும் நினைக்காதவனாகவும் ஆகலாம்.

குறைந்த சான்றை என்ன செய்வது என்பதற்குப் பிராட்லி எஃப்ரான், கார்ல் மோரிஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1977-இல் எழுதிய விளக்கம் பிரசித்தமானது. 1970-ஆம் ஆண்டு அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்தில், 45 தடவை அடிக்க நின்றிருந்த 18 பேருடைய வெற்றி விகிதத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவருடைய எண்ணையும் எல்லாருடைய பொதுச் சராசரியை நோக்கி ஒரு குறிப்பிட்ட பங்கு இழுத்துவிட்டார்கள். மேலே இருந்தவர் கீழே வந்தார், கீழே இருந்தவர் மேலே ஏறினார். சீசனின் மீதி ஆட்டங்களின் முடிவோடு ஒத்திட்டபோது, இழுத்துவிடப்பட்ட எண்களின் மொத்தப் பிழை, கண்ணால் கண்ட எண்களின் பிழையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தது. மிகவும் கீழே, நூற்றுக்கு 15.6 என்றிருந்த மேக்ஸ் ஆல்விஸ் பிறகு 20-க்கு ஏறினார். எல்லாருக்கும் மேலே இருந்தவர் ராபர்ட்டோ கிளெமென்டே. 45-இல் 18, அதாவது நூற்றுக்கு 40. சூத்திரம் அவரை 29-க்கு இறக்கியது; அவரோ மீதி சீசனில் 34.6 அடித்தார். சூத்திரம் அவரிடத்தில் பிசகியதற்குக் காரணம், அவரை அது மற்ற பதினேழு பேரைப்போலவே பெயர் தெரியாத ஒருவராக நினைத்ததுதான். அவருக்கு அப்போது வயது முப்பத்தைந்து, பதினைந்து வருஷச் சாதனை முதுகுக்குப் பின்னால் இருந்தது. புதியவனைச் சராசரியை நோக்கி இழு. பழையவரை அவருடைய சொந்தச் சரித்திரத்தை நோக்கி இழு. ஆனால் அந்தச் சரித்திரத்தில் மிகப் பழைய ஏடுகள் இப்போது இல்லாத ஓர் உடம்பைப் பற்றியவை என்பதால், சென்ற வருஷத்துக்கு முழு மதிப்பும் ஐந்து வருஷத்துக்கு முந்தியதற்குச் சொற்ப மதிப்பும் கொடு. கிளப்புகளில் சம்பளத்துக்கு அமர்ந்துள்ள கணக்கர்கள் இன்று செய்கிற வேலையின் சாரம் இதைவிட அதிகமில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் இன்றைய ஆட்டத்தைப் பற்றியது. நாளை என்று ஒன்று உண்டென்றால் கணக்கு மாறிவிடுகிறது. 1933-இல் வில்லியம் தாம்சன் என்ற அமெரிக்கர் ஒரு கேள்வியை எழுப்பினார்: ஒரே நோய்க்கு இரண்டு மருந்துகள், எது நல்லது என்பது இன்னும் தெளிவாகவில்லை, நோயாளிகள் ஒருவர்பின் ஒருவராக வந்துகொண்டே இருக்கிறார்கள், யாருக்கு எதைக் கொடுப்பது? இதுவரை நன்றாகத் தோன்றியதையே எப்போதும் கொடுத்தால், மற்றது மேலானதாக இருந்தும் அதை அறியாமலே போவோம். இரண்டையும் சரிபாதியாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால், தெரிந்தே சிலரைக் கைவிட்டவர்களாவோம். எது மேலானதாக இருக்கக்கூடும் என்பதற்கு இன்றுள்ள ஆதாரம் எவ்வளவோ அந்த விகிதத்தில் அதைத் தேர்ந்தெடு. ஒவ்வொரு முடிவுக்குப் பின்னும் விகிதத்தைத் திருத்து என்பது அவர் சொன்ன வழி. சந்தேகத்துக்குரியவனுக்குச் சந்தேகம் தீர்க்கிற பிரயோஜனம் என்று ஒரு தனி மதிப்பு உண்டு. நாட்கள் நிறைய மிச்சமிருந்தால் அந்த மதிப்பு பெரிது, கடைசி நாளில் அது பூஜ்யம். இறுதி ஆட்டத்தின் கடைசிப் பாட்டுக்கு அண்ணனும், சீசனின் முதல் மாதத்துப் பாட்டுக்குப் பையனும் ஏற்றவர்கள் என்பதற்கு இதுவே காரணம். இருவருடைய திறமையும் அந்த இரண்டு நாளிலும் ஒன்றாகவே இருந்தாலுங்கூட.

எங்கள் பக்கத்து உழவருக்கு இதைத் தாம்சன் சொல்லித் தர வேண்டியதில்லை. கோவில்பத்துக் கோயில் நிற்கும் தலத்துக்குத் திருத்தெளிச்சேரி என்று பெயர். ஞானசம்பந்தரின் பாடல் பெற்றது. பஞ்ச காலத்தில் இறைவனே உழவனாக வந்து விதை தெளித்த இடம் என்பது தலபுராணம். அந்த மண்ணில் புது நெல் ரகம் ஒன்று வந்தால், உழவர் வயல் முழுவதிலும் அதை விதைப்பதுமில்லை, வேண்டாமென்று தள்ளுவதுமில்லை. பல வருஷம் கண்டறிந்த சி.ஆர். 1009 பெரும்பகுதியில் நிற்க, வெள்ளம் தாங்கும் என்று சொல்லப்படுகிற புதிய ரகத்தை வாய்க்கால் ஓரத்து ஒரு மா நிலத்தில் போட்டுப் பார்ப்பார். அந்த ஒரு மாவில் விளைவது நெல் மட்டுமன்று, அடுத்த சம்பாவுக்கான அறிவும். வசதியிருப்பவர் இரண்டு மாவில் போடுவார். கடன் வாங்கி விதைத்தவர் அந்தத் துணிவையும் கொள்ள முடியாது. பரீட்சை செய்து பார்க்கும் உரிமைகூட உள்ளவனுக்கே உரியதாக இருப்பது மனத்தை உறுத்துகிற விஷயம்.

சில சமயம் பரீட்சையை விதி நம்மேல் சுமத்திவிடுகிறது. 2022-இல் தமிழ் தலைவாஸ் அணி, அதுவரை எவருக்கும் கொடுக்கப்படாத 2.26 கோடி ரூபாய் விலை கொடுத்துப் பவன் செராவத்தைக் கொண்டுவந்தது. அக்டோபரில் நடந்த முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்கால் அடிபட்டு சீசன் முழுவதும் களத்துக்குத் திரும்பவில்லை. வேறு வழியின்றி முன்னால் அனுப்பப்பட்ட நரேந்தர் என்ற புதுப் பையன் அந்த சீசனில் 243 பாட்டுப் புள்ளிகள் எடுத்தான். அணி முதல் தடவையாக அரையிறுதியை அடைந்தது. பவன் நலமாக இருந்திருந்தால் அந்தப் பையனுக்குள் இருந்தது என்ன என்று அந்த வருஷம் யாருக்குத் தெரிந்திருக்கும்? வெளியே உட்கார்ந்திருக்கிறவனைப் பற்றிய கணக்கு எந்த நோட்டிலும் ஏறுவதில்லை.

இரண்டையும் விவேகத்தோடு சேர்த்துக் காட்டியது, 2021–22 சீசனில் கோப்பையை வென்ற தபங் டெல்லி. ஜோகீந்தர் நர்வால், மஞ்சீத் சில்லர், ஜீவா குமார் என்று முப்பத்தைந்தைத் தொட்டவர்களையும் தாண்டியவர்களையும் பிடிக்கிற வரிசையில் நிறுத்திக்கொண்டபோது, ஏலம் முடிந்த அன்றே அது கிழவர்களின் அணி என்று பலர் பேசினார்கள். பாடுவதற்கோ, இருபத்திரண்டு வயதான நவீன் குமார். கண் முந்த வேண்டிய இடத்தில் கண்ணுள்ளவர்கள், கால் முந்த வேண்டிய இடத்தில் காலுள்ளவன். இறுதி ஆட்டத்தில், தம் பெரும் வீரர் பர்தீப்பைப் போகவிட்டுவிட்டு வந்திருந்த அதே பாட்னாவை அவர்கள் 37–36 என்று ஒரே புள்ளியில் வென்றார்கள். ஒரு புள்ளி வித்தியாசத்தைக் கொண்டு ஒரு சித்தாந்தத்தை நிலைநாட்ட முடியாது என்பதை இவ்வளவு தூரம் படித்து வந்த வாசகர் அறிவார். ஆயினும் அந்த அணியை அமைத்தவர்கள் சரியான கேள்வியைக் கேட்டிருந்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

எங்கள் திடலுக்குத் திரும்புகிறேன். பெரியவர் பையனின் தோளைத் தொட்டு, “நீ போ” என்றார். அண்ணனைப் பார்த்து, “நீ வலது மூலையிலேயே நில்லு தம்பி” என்றார். பையன் பாய்ந்து போனான். நடுவில் நின்றவனைத் தொட்டுவிட்டதாக நினைத்துத் திரும்புகிற தருணத்தில், இடது மூலைக்காரன் கணுக்காலைக் கவ்வினான்; மேலே நான்கு பேர் விழுந்தார்கள்; நோட்டில் எதிரணிக்கு ஒரு புள்ளி எழுதினேன். அடுத்து எங்கள் பக்கம் பாடி வந்தவனை அண்ணன் மூலையிலிருந்து ஒரு அடி முன்வைத்து, தொடையோடு சேர்த்து அணைத்து உட்காரவைத்துவிட்டார். பிறகு ஆளுக்கொரு புள்ளி வந்தது. ஒரு புள்ளியில் தோற்றோம். கூட்டத்திலிருந்து ஒருவர் பெரியவரிடம் வந்து, “அண்ணனை அனுப்பியிருந்தா கெலிச்சிருப்போமே, ஏன்யா இப்படிப் பண்ணினீங்க?” என்று சண்டைக்கு நின்றார். “அடுத்த பொங்கலுக்கு யாரை வச்சு ஆடுறது?” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெரியவர் சுண்ணாம்புக் கோட்டின்மேல் கிடந்த செருப்பைத் தேடிப் போனார்.

இருட்டிக்கொண்டு வந்தது. நான் நோட்டை மூடி எழுந்தபோது, திடலின் ஓரத்தில் அண்ணன் கால் நீட்டி உட்கார்ந்து பேண்டேஜைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். பையன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு எதிரே குந்தியிருந்தான். அவிழ்த்த துணியை மடியில் போட்டுவிட்டு, அவர் மணலில் விரலால் ஒரு பாதத்தை வரைந்தார். “இந்த இடது மூலைக்காரன் இருக்கானே, அவன் பாயறதுக்கு முன்னாடி குதிகால் இத்தனூண்டு எழும்புது பாரு. முகத்தைப் பார்த்தா தெரியாது. ஆட்டம் ஆரம்பிச்சதிலேருந்து பார்த்துக்கிட்டே இருந்தேன்” என்று சொல்லி, வரைந்த பாதத்தின் குதிகாலுக்குக் கீழே விரலை நுழைத்து, மணலைச் சற்றே தூக்கிக் காட்டினார். பையன் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.